போருக்கென்று போட்ட பாதை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்குக் கோடியில், வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஒலிம்பிக் தீபகற்பத்தில், 'கிரெசன்ட்' என்றோர் ஏரி உண்டு. பிறை என்பது அச்சொல்லின் பொருள். இருமருங்கும் மலைகள் செங்குத்தாய் எழுந்து நிற்க, நடுவே 180 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் நீலம் பாரித்துக் கிடக்கும் நீர்ப்பரப்பு அது. அதன் தென்கரையை ஒட்டி 101-ஆம் எண் நெடுஞ்சாலை வளைந்து வளைந்து செல்கிறது. மரம் ஏற்றிய பெரிய லாரிகள் அச்சாலையில் விரைகின்றன. வடகரையிலோ ஓசையே இல்லை. அங்கே மோட்டார் வண்டிகள் நுழையாத ஒரு பாதை நீர்விளிம்பைத் தொட்டும் தொடாமலும் போகிறது. சிறுவர்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், முதியோர் நடக்கிறார்கள், நீண்ட பயணம் மேற்கொண்டோர், மூட்டை முடிச்சுகளைத் தாங்கிய மிதிவண்டிகளில் மெல்ல ஊர்ந்து போகிறார்கள்.

அந்தப் பாதை இரண்டு இடங்களில் மலையைத் துளைத்துக்கொண்டு செல்கிறது. ஒவ்வொரு சுரங்கமும் ஏறத்தாழ 140 மீட்டர் நீளம். மிதிவண்டிக்காக யாரேனும் மலையைக் குடைவார்களா என்று நமக்குத் தோன்றும். குடையவில்லைதான். அவற்றைக் குடைந்தவர்களின் மனத்தில் இருந்தவை போர் விமானங்கள். அக்கதையை இங்கே சொல்ல முற்படுகிறோம்.

கதைக்குள் நுழையுமுன், இத்தீபகற்பத்தின் ஊர்ப்பெயர்களைக் காணும் கத்தோலிக்க வாசகர் ஒரு கணம் நிற்காமல் இருக்க முடியாது. 1774-ஆம் ஆண்டில் ஸ்பானிய மாலுமி ஹுவான் பெரெஸ், கடலிலிருந்து இத்தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரத்தைக் கண்டார். பலெர்மோ நகரின் பாதுகாவலியான புனித ரோசலியாவின் பெயரால் 'சாந்தா ரோசலியாவின் பனிமலை' என்று அதை அழைத்தார். 14 ஆண்டுகள் கழித்து அவ்வழி வந்த ஆங்கிலேயர் ஜான் மியர்ஸ் என்பவருக்கு அது கிரேக்கத் தெய்வங்களின் இருப்பிடமாய்த் தோன்றியது. அவர் 'ஒலிம்பஸ்' என்றார், அதுவே நிலைத்தது. 1791-இல் பிரான்சிஸ்கோ தெ எலிசா என்ற மற்றொரு ஸ்பானியர் வடகரையில் ஒரு துறையைக் கண்டு, 'வானதூதர்களின் அன்னைத் துறைமுகம்' என்று நீளப் பெயரிட்டார். நாளடைவில் ஆங்கிலம் பேசுவோர் வாயில் அது சுருங்கி 'போர்ட் ஏஞ்சலஸ்' ஆயிற்று. வானதூதர்கள் எஞ்சினார்கள், அன்னை எங்கோ வழியில் உதிர்ந்துபோனார். இன்று அம்மழைக்காட்டுக்கு மிதிவண்டியில் புறப்படுவோருக்குத் தலைவாயில் இந்நகரமே.

மாலுமிகள் பெயர் சூட்டிய இடங்களுக்கெல்லாம் அவர்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே பெயர்கள் இருந்தன என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. 2003-இல் போர்ட் ஏஞ்சலஸ் கடலோரத்தில், ஒரு மிதவைப் பாலத்தின் உறுப்புகளை வார்ப்பதற்கெனப் பெருங்குழி தோண்டினார்கள். மண்ணுக்கடியில் கிளாலம் மக்களின் பழைய ஊர் வெளிப்பட்டது. ட்சே-விட்-சென் என்பது அதன் பெயர். சுமார் 2,700 ஆண்டுப் பழைமை உடையது. முழுமையான மனித எலும்புக்கூடுகள் மட்டுமே 300-க்கு மேல் கிடைத்தன. பெரும் பணம் செலவிட்ட பின்னரும், 2004 டிசம்பரில் அரசு அவ்விடத்தில் வேலையை நிறுத்தியது. முன்னோரின் கல்லறைமீது கட்ட வேண்டாம் என்ற அம்மக்களின் மன்றாட்டு ஒருமுறையேனும் செவியேறிற்று.

இனி அக்காட்டைப் பற்றிச் சிறிது. மழைக்காடு என்றவுடன் அமேசானும் காங்கோவும் நம் நினைவுக்கு வரும். இது வேறு வகை; குளிர்நாட்டு மழைக்காடு. பசிபிக் கடலின் ஈரக்காற்று ஒலிம்பிக் மலைகளில் மோதி மேலெழுந்து, மேற்குச் சரிவில் மழையாய்க் கொட்டித் தீர்க்கிறது. ஹோ, குவீட்ஸ், குவினால்ட் ஆகிய ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர் மழை. மலைக்கு அப்பால், வடகிழக்கே இருக்கும் ஸ்குவிம் என்ற ஊருக்கு 400 மில்லிமீட்டர்தான் கிடைக்கிறது. நிதானமாகப் போகும் மிதிவண்டிக்காரர் ஒருவர் வறண்ட புல்வெளியில் தொடங்கி, ஓரிரு நாளில் பாசி சொட்டும் காட்டுக்குள் புகுந்துவிடலாம்.

அக்காட்டில் சிட்கா ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம் 80 மீட்டர் உயரம்கூட வளர்கிறது. ஹெம்லாக், டக்ளஸ் ஃபிர், செஞ்சிடார் ஆகியவை அதற்கு இளைத்தவை அல்ல. மேப்பிள் மரங்களின் கிளைதோறும் பாசி திரைச்சீலையாய்த் தொங்குகிறது, தரையெங்கும் பெரணி. விழுந்த மரத்தின் முதுகிலே விதைகள் முளைத்து, வரிசையாக இளமரங்கள் எழுவது அங்கே இயல்பான காட்சி. அவ்வாறு மடிந்து கிடந்து பிற மரங்களை வளர்க்கும் மரத்தை அந்நாட்டார் 'செவிலி' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். நூற்றாண்டுகள் கழிந்து செவிலி மரம் மக்கிப் போன பின்னும், அதன்மேல் வளர்ந்தவை கோடு கிழித்தாற்போல ஒரே வரிசையில் நிற்குமாம்.

போர் அந்தக் காட்டைத் தேடி வந்தது 1917-இல். அந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அன்றைய விமானம் என்பது மரச்சட்டமும் துணியும் கம்பியும் சேர்ந்த ஒரு கட்டுமானம். எடை குறைவாகவும், வலிமை மிகுந்ததாகவும், நீண்ட நேரான இழையோட்டம் கொண்டதாகவும், குண்டு துளைத்தாலும் எளிதில் சிதறாததாகவும் இருக்கும் மரமே இறக்கைக்கு ஏற்றது. இத்தகுதிகள் யாவும் ஸ்புரூஸ் மரத்துக்கு இருந்தன. 1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்த முதல் விமானத்திலும் இவ்வினத்து மரமே இருந்தது. அமெரிக்கா மட்டுமன்றி பிரான்சும் பிரித்தானியாவும் இத்தாலியும் இம்மரத்துக்காகக் காத்திருந்தன. ஆனால் மரம் வரவில்லை. காரணம், வெட்டுபவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள்.

அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் கடந்து போவது நேர்மையாகாது. மரவெட்டிகள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் உழைத்தார்கள். ஈரம் காயாத உடையோடு, பேன் மண்டிய பலகைக் கொட்டில்களில் உறங்கினார்கள். படுக்கை விரிப்பைத் தாங்களே முதுகில் சுமந்து முகாமுக்கு முகாம் போகவேண்டும். எட்டு மணி நேர வேலையும் தூய படுக்கையும் வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. 1917 கோடையில் வடமேற்கு மாநிலங்கள் முழுவதிலும் மரத்தொழில் நின்றுபோயிற்று.

அரசு ஒரு வழி கண்டது. 1917 நவம்பரில் இராணுவத்திலேயே 'ஸ்புரூஸ் உற்பத்திப் பிரிவு' ஒன்றை ஏற்படுத்தியது. அதன் தலைவராக வந்தவர் பிரைஸ் டிஸ்க் என்ற அதிகாரி. இவர் இராணுவப் பணியிலிருந்து விலகி, மிச்சிகன் மாநிலச் சிறைச்சாலையின் தலைவராய் இருந்தவர். மரத்தைப் பற்றி அவருக்கு ஏதும் தெரியாது. மனிதர்களை அடக்கி வேலை வாங்கத் தெரியும் என்று கருதினார்கள் போலும். துப்பாக்கி ஏந்தவேண்டிய வீரர்கள் கோடரியும் வாளரமும் ஏந்திக் காட்டுக்குள் போனார்கள். அவர்கள் தொகை 25,000-த்தைத் தாண்டிற்று. முதலாளிகளும் தொழிலாளிகளும் சேர்ந்து உறுதிமொழி எடுக்கும் ஒரு 'விசுவாசச் சங்கம்' அரசின் ஆதரவில் எழுந்தது. இலட்சம் பேருக்கு மேல் அதில் சேர்ந்தனர். வான்கூவர் படைத்தளத்தில் பெரும் மரமறுப்பு ஆலை ஒன்று எழுந்து, 1918 பெப்ருவரியில் இயங்கத் தொடங்கிற்று. நாளொன்றுக்குப் பத்து இலட்சம் பலகை அடி அறுக்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலத் தடிப்பு; அதுவே ஒரு பலகை அடி.

இதில் நம்மைத் தடுத்து நிறுத்தும் செய்தி ஒன்றுண்டு. 1918 மார்ச் முதல் நாளன்று எட்டு மணி நேர வேலை என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. படுக்கைகளும் துப்புரவாயின. தொழிலாளர் கேட்டது கிடைத்தது. ஆனால் அதைக் கேட்டுப் போராடிய உலகத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களோ, அதே 1918-இல் சிகாகோ நகரில் கூட்டமாக விசாரிக்கப்பட்டுச் சிறைக்குப் போனார்கள். அவர்களில் சிலருடைய பேச்சிலும் போக்கிலும் நமக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். எனினும் ஒரு கோரிக்கையை நியாயமென ஏற்றுக்கொண்டு, அதை எழுப்பியவரைக் குற்றவாளியாக்குவது எவ்வகை நீதி என்று கேட்கத் தோன்றுகிறது.

வெட்டிய மரத்தைக் கொண்டுவர வழி வேண்டுமே! நல்ல ஸ்புரூஸ் காடுகள் ஏரிக்கு மேற்கே, சாலையற்ற ஈரநிலத்தில் இருந்தன. ஏரியின் தென்கரைச் சாலைகூட 1922-இல்தான் போடப்பட்டது. அதுவரை மோட்டார் வண்டிகளையே படகில் ஏற்றி ஏரியைக் கடத்தினார்கள். ஆகவே போர்ட் ஏஞ்சலஸுக்கு மேற்கிலிருந்து பிளசன்ட் ஏரி வரை 36 மைல், அதாவது சுமார் 58 கிலோ மீட்டர் நீளத்துக்கு இருப்புப் பாதை அமைக்க முடிவாயிற்று. 'ஸ்புரூஸ் இரயில் பாதை எண் 1' என்பது அதன் பெயர். கிரெசன்ட் ஏரியின் வடகரையில் பாறைச் சரிவைத் தகர்த்து, இரு சுரங்கங்களைக் குடைந்து, 1918 கோடையிலும் இலையுதிர் காலத்திலுமாக ஆயிரக்கணக்கானோர் உழைத்தனர். சில ஆண்டுகள் பிடிக்கவேண்டிய வேலை சில மாதங்களில் நடந்தது.

நவம்பர் 11-ஆம் நாள் போர் ஓய்ந்தது. போர்த்தொழிலைத் துறந்த படைவீரரான தூர்ஸ் நகர்ப் புனித மார்ட்டினின் திருநாள் அது. பாதை முற்றுப்பெற்றதோ நவம்பர் 30-இல். பத்தொன்பது நாள் தாமதம். அந்தப் பாதையின் வழியாக ஒரு மரத்துண்டுகூடப் போருக்குப் போகவில்லை. ஸ்புரூஸ் பிரிவு மொத்தத்தில் 14 கோடிப் பலகை அடிக்கு மேல் மரம் தந்தது என்பதும், அதில் பெரும்பகுதி நேச நாடுகளுக்குப் போயிற்று என்பதும் உண்மையே. ஆனால் அவை பிற காடுகளிலிருந்து, பிற வழிகளில் சென்றவை. இந்த 36 மைல் பாதையின் தண்டவாளம் மட்டும் புதுமை மாறாமல் மழையில் நனைந்துகொண்டிருந்தது. 1919-இல் அமெரிக்கப் பேரவையின் குழு ஒன்று, போர்க்காலச் செலவுகளைத் துருவியபோது ஸ்புரூஸ் பிரிவையும் கேள்வி கேட்டது. கேள்விகள் கேட்கப்பட்டன, பணம் திரும்பி வரவில்லை.

வாள் கலப்பையாயிற்று என்று இங்கே எளிதில் எழுதி முடித்துவிடலாம். இறைவாக்கினர் எசாயாவின் கனவை அறிந்த நமக்கு அந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் வரலாறு அத்தனை நேராகச் செல்லவில்லை. 1920-களில் அரசு அப்பாதையைத் தனியாருக்கு விற்றது. 'போர்ட் ஏஞ்சலஸ் வெஸ்டர்ன்' என்ற இருப்புப் பாதை நிறுவனம் 1951 வரை அதில் மரம் ஏற்றியது. போரால் முடியாததை வணிகம் செய்தது. மேற்கே இருந்த முதுகாடுகள், அந்தத் தண்டவாளத்தின் வழியாக அறுவை ஆலைகளுக்கு நகர்ந்தன. ஒலிம்பிக் தேசியப் பூங்கா 1938-இல் பிறந்த பின்னும் மரவண்டிகள் அந்த ஏரிக்கரையில் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

அப்பூங்காவின் பிறப்பும் எளிதான பிறப்பன்று. 1897-இல் அதிபர் குளோவர் கிளீவ்லண்ட் இக்காட்டை அரசுக் காப்புக்காடு ஆக்கினார். 1909 மார்ச் 2-ஆம் நாள், பதவி விலகுவதற்கு இரண்டே நாள் முன்பாக, தியோடர் ரூஸ்வெல்ட் அங்கிருந்த எல்க் மான்களைக் காக்கும் பொருட்டு அதன் நடுப்பகுதியைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1915-இல் அதிபர் வில்சன் அதை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். மரம் நிறைந்த பள்ளத்தாக்குகள் வெளியே போயின. பனியும் பாறையும் உள்ளே நின்றன. 1937 இலையுதிர் காலத்தில் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் போர்ட் ஏஞ்சலஸுக்கு வந்தபோது, பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்கு ஒரு தேசியப் பூங்கா தருமாறு பதாகை பிடித்து நின்றார்கள். அன்றிரவு அவர் தங்கியது கிரெசன்ட் ஏரியின் தென்கரையில். அடுத்த ஆண்டு ஜூன் 29-இல் சட்டம் கையெழுத்தாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் அதே மரத்துக்கு அதே ஆபத்து மீண்டும் வந்தது. பிரித்தானியாவின் 'மொஸ்கிட்டோ' விமானம் மரத்தால் ஆனது. பூங்காவுக்குள்ளே நிற்கும் ஸ்புரூஸ் மரங்களைத் தரவேண்டும் என்று 1942-லும் 1943-லும் நெருக்கடி முற்றியது. அலுமினியம் போதிய அளவு கிடைக்கத் தொடங்கியதாலும், கனடாவிலிருந்து மரம் வந்ததாலும் அது 1943-இன் இறுதியில் தணிந்தது. அன்று ஹோ பள்ளத்தாக்கின் மரங்கள் தப்பின. அலுமினியத்துக்கு நன்றி சொல்வதா, நாட்டுப்பற்றுக் கூச்சலுக்கு நடுவிலும் தயங்கி நின்ற அதிகாரிகளுக்கு நன்றி சொல்வதா என்று தெரியவில்லை, இரண்டுக்கும் சொல்லிவைப்போம்.

1951-க்குப் பின் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. சுரங்க வாயில்களை வெடிவைத்து அடைத்துவிட்டார்கள். முட்புதரும் ஆல்டர் மரமும் மண்டின. முப்பது ஆண்டுகள் கழித்து, 1981-இல், பூங்கா நிருவாகம் ஏரிக்கரைப் பகுதியை நடைபாதையாகத் திறந்தது. யுனெஸ்கோ நிறுவனம் அப்பூங்காவை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றதும் அதே ஆண்டில்தான். அடைபட்ட சுரங்கத்துக்குள் போக முடியாததால், பாதை அதைச் சுற்றிக்கொண்டு ஒரு சிறு குடாவின்மேல் பாலம் கட்டிச் சென்றது. அந்தக் குடாவுக்குப் 'பிசாசின் கிண்ணம்' என்று பெயர். வானதூதர்களின் நகரிலிருந்து புறப்பட்டவர் ஒரு நாள் முடிவதற்குள் பிசாசின் கிண்ணத்தை எட்டிவிடலாம் என்று அங்கே யாரேனும் நகைத்திருப்பார்கள். நம்மூராயின் நிச்சயம் நகைத்திருப்போம்.

அந்தப் பூங்காவில் மிதிவண்டி எல்லா இடத்துக்கும் போகக்கூடாது. அதன் பரப்பில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை 1988-இல் பேரவை வனாந்தரமாக அறிவித்துவிட்டது. மலைக்காட்டு ஒற்றையடிப் பாதைகளில் சக்கரங்களுக்கு இடமில்லை. ஆகவே மிதிவண்டிக்காரருக்குச் சாலைகளும், இந்த ஸ்புரூஸ் பாதையைப் போன்ற அரிய விலக்குகளுமே உண்டு. போர்ட் ஏஞ்சலஸிலிருந்து ஹரிக்கேன் முகடு வரை 1,600 மீட்டர் உயரம் ஏறும் மலைச்சாலை ஒன்று. நெஞ்சுரம் உள்ளவர்களுக்கு அது. முழுத் தீபகற்பத்தையும் சுற்றிவரும் 101-ஆம் நெடுஞ்சாலை மற்றொன்று. 1931-இல் முழுமையுற்ற அவ்வட்டம் 500 கிலோ மீட்டருக்கு மேல் நீளம் உடையது. அதிலிருந்து உட்புறம் கிளைத்து, மழைக்காட்டின் நெஞ்சுக்குள் சுமார் 29 கிலோ மீட்டர் போவது ஹோ ஆற்றுச் சாலை. இந்தச் சாலையை 2024 டிசம்பரில் ஆற்று வெள்ளம் அறுத்துக்கொண்டு போயிற்று. மாநில அரசின் பணத்தோடு உள்ளூரார் திரட்டிய காணிக்கையும் சேர்ந்து, 2025 மே மாதத்தில் அது மீண்டும் திறந்தது.

எல்வா ஆற்றின் கதை இன்னும் வியப்பானது. சால்மன் மீன்கள் ஏறிவந்த அவ்வாற்றில், மீன் ஏற வழி விடாமல் 1913-இலும் 1927-இலும் இரண்டு அணைகள் எழுந்தன. மீன் வரவு நின்றதால் கிளாலம் மக்களின் வாழ்வு குன்றியது. 1992-இல் பேரவை சட்டம் இயற்றி, 2011 செப்டம்பரில் இடிப்பு தொடங்கி, 2014-க்குள் இரண்டு அணைகளும் நீங்கின. சால்மன் திரும்பிற்று. விடுதலை பெற்ற ஆறு அத்தோடு நிற்கவில்லை. பழைய படுகைகளைத் தேடி அலைந்து, தன் கரையோரச் சாலையையும் முகாமிடங்களையும் அடித்துச் சென்றுவிட்டது. அதன்பின் மேடிசன் அருவிக்கு அப்பால் மோட்டார் வண்டிகள் போவதில்லை. நடந்தும் மிதிவண்டியிலும் போவோர், அறுபட்ட இடத்தை ஒரு மாற்றுப் பாதையால் சுற்றிக் கடக்கிறார்கள். ஒரு நூற்றாண்டு காலம் ஆற்றை மனிதர் கட்டிவைத்தார்கள். அது அவிழ்ந்ததும் முதலில் கேட்டது தன் இடத்தை.

இவை எல்லாவற்றையும் கோத்து ஒரே பாதையாக்கும் கனவுதான் 'ஒலிம்பிக் டிஸ்கவரி' நெடும்பாதை. 1988-இல் உருவான தன்னார்வலர் கூட்டமைப்பு ஒன்று இதை முன்னெடுத்தது. கிழக்கே போர்ட் டவுன்சென்ட் நகரில் தொடங்கி, மேற்கே பசிபிக் கரையில் லா புஷ் வரை ஏறத்தாழ 210 கிலோ மீட்டர். அதன் பெரும்பகுதி கைவிடப்பட்ட இருப்புப் பாதைகளின் மேலே செல்கிறது. இரயிலுக்கென்று போட்ட வழி செங்குத்தாய் ஏறாது. எனவே மிதிவண்டிக்கு அதைவிட ஏற்றது வேறில்லை. எல்வா ஆற்றைக் கடக்க, 2009-இல் திறந்த சாலைப் பாலத்துக்கு அடியில் மிதிவண்டிக்கும் நடப்போருக்குமெனத் தனித்தளம் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

அப்பாதையின் கிழக்குப் பகுதியில் பிளின் என்ற சிற்றூர் வருகிறது. ஜேம்ஸ்டவுன் ஸ்கிளாலம் மக்களின் தலைமையிடம் அது. 1855 உடன்படிக்கைக்குப் பின் தங்கள் நிலத்தைவிட்டு விலகுமாறு நெருக்கப்பட்ட இம்மக்கள், 1874-இல் தங்களுக்குள் 500 டாலர் பொற்காசு திரட்டி, தங்கள் முன்னோர் வாழ்ந்த கரையிலேயே 210 ஏக்கர் நிலத்தை விலைகொடுத்து வாங்கினார்கள். தம் நிலத்தைத் தாமே வாங்கினார்கள் என்பதை ஒருமுறை நிறுத்திப் படிக்க வேண்டுகிறோம். டஞ்சனஸ் ஆற்றின்மேல் உள்ள பழைய இரயில் பாலத்துக்கும் இன்று அவர்களே பொறுப்பாளர்கள். 2015 பெப்ருவரியில் வெள்ளம் அதன் மரத்தாங்கிகளைச் சிதைத்தபோது, அவ்வாண்டு முடிவதற்குள் அவர்கள் புதிய தாங்கு பாலம் கட்டி வழியைத் திறந்துவிட்டார்கள். அவ்வழியே செல்லும் அயலார் பலருக்கு அந்தப் பாலம் யாருடைய கொடை என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

இந்நெடும்பாதையின் மணிமுடி கிரெசன்ட் ஏரிக்கரைதான். ஆனால் அது வெகுகாலம் குறையாகவே இருந்தது. 1981-இல் திறந்த பகுதி கரடுமுரடானது. சுமையேற்றிய மிதிவண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் உதவாதது. ஆகவே நெடும்பயணிகள் தென்கரை நெடுஞ்சாலையையே நம்பவேண்டியிருந்தது. ஒருபுறம் பாறை, மறுபுறம் நீர், ஒதுங்க ஓரமில்லாத சாலை, பின்னால் மரலாரி. மிதிவண்டி வருகிறது என்று ஓட்டுநர்களை எச்சரிக்க, அங்கே பயணியே பொத்தானை அழுத்தி ஒளிரச் செய்யும் விளக்குப் பலகை வைத்திருந்தார்கள் என்றால், அச்சம் எத்தகையது என்று விளங்கும்.

வடகரைப் பாதையை அகலப்படுத்தித் தார் போடவும், அடைபட்ட சுரங்கங்களைத் திறக்கவும் திட்டம் எழுந்தபோது எல்லாரும் மகிழவில்லை. தேசியப் பூங்காவுக்குள் தாரா என்று வருந்தினர் சிலர். மண்பாதையின் அமைதி போய்விடும் என்றனர். அவ்வருத்தத்தை நாம் இகழவில்லை. ஆயினும் நம் எண்ணம் வேறு. அந்த நிலம் 1918-இலேயே வெடிமருந்தால் அறுக்கப்பட்டது. அறுத்த தழும்பின்மேல், கால் இயலாத ஒருவர் சக்கர நாற்காலியில் ஏரியைப் பார்த்தபடி போக முடியுமானால், அந்தத் தாரைப் பொறுத்துக்கொள்ளலாம். லாரிக்கு அஞ்சி ஒதுங்க இடமின்றித் தவித்தவருக்கும் அது உயிர்காக்கும் வழி. மெக்ஃபீ சுரங்கமும் டேலி-ரேங்கின் சுரங்கமும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டு, 2020-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 16 கிலோ மீட்டர் ஏரிக்கரைப் பாதை முழுமை பெற்றது.

ஏரியின் பிறப்பைப் பற்றி கிளாலம் மக்களின் பெயரால் வழங்கும் கதை ஒன்றுண்டு. இரு குலத்தார் ஓயாமல் போரிட்டதைக் கண்டு சினந்த புயலரசன் மலை, தன் தலையிலிருந்து ஒரு பாறையைப் பெயர்த்து வீசிப் பள்ளத்தாக்கை அடைத்ததாம். நீர் தேங்கி ஏரியாயிற்றாம். மலைச்சரிவு ஒன்று முன்பு ஒன்றாயிருந்த நீரை இரண்டு ஏரிகளாகப் பிரித்தது என்று நிலவியலாரும் சொல்கிறார்கள். போருக்குச் சினந்த மலையின் எதிர்க்கரையில்தான் போருக்கான பாதையைப் போட்டார்கள்.

மேற்கே பாதை இன்னும் முடியவில்லை. ஏரியைத் தாண்டிச் சில கிலோ மீட்டர் பழைய இரயில் தடத்திலேயே போகிறது. பின்னர் ஊர்ச்சாலைகளோடும் நெடுஞ்சாலையோடும் கலந்து, மரலாரிகளுக்கு நடுவே கடலை நோக்கிச் செல்கிறது. சுரங்கங்களுக்குள் நுழைவோர் கையில் விளக்கு வைத்துக்கொள்வது நல்லது. நண்பகலிலும் உள்ளே இருட்டு.